மாதேஸ்வரிக்குச் சொந்தமான தெரு

ஊறவைத்த அவரைக்கொட்டையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து லேசாக அழுத்தினால் தோல் கையோடு நின்றுவிடும், பருப்பு வழுக்கிக்கொண்டு போய்ப் பாத்திரத்தில் விழும், ஒன்று விழுந்ததும் அடுத்தது, அடுத்தது விழுந்ததும் அதற்கடுத்தது, விரல் நுனியெல்லாம் தண்ணீரில் ஊறிச் சுருங்கிவிட்டது, இன்னும் பாதிக்கு மேல் கிடக்கிறது, வெளியே சாமியானாவுக்குக் கீழே எங்கள் தெருவே உட்கார்ந்துகொண்டு நான் எப்போது எழுந்து வருவேன் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறது. பிதுக்குப் பருப்புக் குழம்பு வைக்கிற வீட்டில் பெண்கள் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து பேசிக்கொண்டே பிதுக்கினால் வேலை தெரியாமல் முடிந்துவிடும். ஆனால் நான் சரியென்று சொல்லாமல் இந்தத் தெருவில் வேறு யார் பிதுக்கினாலும் கொட்டை தோலை விடாது. என் மாமியாருக்கு மட்டும் சரி சொல்லியிருக்கிறேன், அவர் எனக்கு எதிரே காலை நீட்டி உட்கார்ந்து பிதுக்குகிறார், நான் இன்னும் பெயர் வைக்காத என் மகளை மடியில் போட்டுக்கொண்டு பிதுக்குகிறேன். இது எப்படி ஆச்சு என்று கேட்டால் என் வீட்டுக்காரருடைய லேப்டாப்பிலிருந்துதான் சொல்ல வேண்டும்.

எங்கள் தெரு பால் சொசைட்டித் தெரு, கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகிற ரோட்டில் பஸ் நின்றும் நிற்காமலும் போகிற ஒரு ஊரில் இருக்கிறது. தெருவின் ஒரு முனையில் பால் சொசைட்டி, மறுமுனையில் ஹயாத் பாய் டீக்கடை, நடுவில் எங்கள் வீடு. என் வீட்டுக்காரர் பெயர் சென்னகேசவன், பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டில் இருந்தபடியே வேலை பார்க்கிறார். அந்தக் கம்பெனியில் எழுதுகிற மென்பொருளையெல்லாம் எங்கெங்கோ இருக்கிற கம்ப்யூட்டரில் கொண்டுபோய் இறக்கிவைக்க ஒரு கருவி இருக்கிறதாம், லாரியிலிருந்து மூட்டை இறக்குகிற மாதிரிதான் என்று எனக்குச் சொன்னார். அந்தக் கருவியை முதலில் தன் லேப்டாப்பில் அமைத்துக்கொண்டால்தான் இவர் மூட்டை இறக்க முடியும். அதற்கு ஒரு கறுப்பு ஜன்னலைத் திறக்க வேண்டும், அதில் படம் கிடையாது, பட்டன் கிடையாது, ஒரு வெள்ளைக் கோடு மட்டும் கண் சிமிட்டிக்கொண்டே நிற்கும், அதற்கு ஒவ்வொரு வரியாகக் கட்டளை எழுதிக் கொடுக்க வேண்டும், அது பதில் சொல்லும்.

அது சொன்ன பதில் எதுவும் நல்ல பதிலாக இல்லை. கருவியை இறக்கி வைத்துவிட்டு அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அப்படி ஒன்று இங்கே இல்லவே இல்லை என்றது. இங்கேதான் இருக்கிறது என்று இருக்கிற இடத்தைக் காட்டிக் கொடுத்தால், இருக்கிறது, ஆனால் அதற்குத் துணையாக நிற்கிற இன்னொன்று பழசாகிவிட்டது என்றது. புதுசு கொண்டுவந்து போட்டால், இவ்வளவு புதுசு வேண்டாம் என்றது. ரெண்டுக்கும் நடுவில் ஒன்றைத் தேடிப் பிடித்துப் போட்டால், எல்லாம் சரி, ஆனால் உனக்கு அனுமதி இல்லை என்றது. இவர் பெங்களூர் மேனேஜருக்குப் போன் போட்டார். "எங்க மெஷின்ல நல்லாத்தான் ஓடுது, கேசவ்" என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார். மறுபடி போட்டால் மறுபடியும் அதையேதான் சொன்னார். கடைசியாக, இந்த வாரக் கடைசிக்குள் நீ முதல் மூட்டையை இறக்கவில்லை என்றால் உனக்கும் கம்பெனிக்கும் ஒன்றுமில்லை என்றும் சொன்னார்.

வேலை போய்விட்டால் என்ன ஆகும் என்று எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் அன்றைக்கு என் மாமனார் கூட ரசத்தில் உப்பு இல்லை என்று சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்தார்.

இவரும் இன்டர்நெட்டில் தேடினார். எங்கேயோ எந்த தேசத்திலோ ஒருத்தன் எப்போதோ இதே தொல்லையில் மாட்டி ஒரு வரியை எழுதிவைத்திருந்தான், அதற்குக் கீழே வரிசையாக, எனக்கு வேலை செய்தது, எனக்கும் வேலை செய்தது, நீ நல்லா இருப்பே சாமி என்று ஆளாளுக்கு எழுதியிருந்தார்கள். நீ நிற்கிற இடத்துக்குக் கீழே இருக்கிற எல்லாவற்றுக்கும் உன்னையே சொந்தக்காரனாக்கு, இனிமேல் எவனும் உன்னிடம் அனுமதி கேட்க மாட்டான் என்பதுதான் அந்த வரி. கறுப்பு ஜன்னலில் நாம் எப்போதும் ஏதாவது ஒரு இடத்தில் நின்றுகொண்டுதான் இருப்போமாம், எந்த இடத்தில் நிற்கிறோம் என்று பார்த்துக்கொண்டுதான் கட்டளை கொடுக்க வேண்டுமாம். இவர் கருவி இருக்கிற இடத்தில்தான் நிற்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, எல்லா இடத்துக்கும் மேலே, உச்சியில், அதற்கு மேலே ஒன்றுமே இல்லாத இடத்தில் நின்றுகொண்டு அந்த வரியை ஒட்டி, பெரிய அதிகாரத்துக்கான பாஸ்வேர்டையும் போட்டுத் தட்டிவிட்டார்.

அதுவாவது இவர் பெயருக்குப் போயிருக்கலாம். ஆனால் அந்த லேப்டாப் ஆடித் தள்ளுபடியில் வாங்கினது, பெண்கள் பெயரில் வாங்கினால் ஒரு மிக்சி இலவசம் என்று கடையில் போர்டு போட்டிருந்தான், அதனால் என் மாமனார்தான் இவள் பெயரில் போடு என்று சொன்னார். கடைக்காரர் பில்லிலும் என் பெயரைப் போட்டு, லேப்டாப்புக்குள்ளேயும் இதை உபயோகிக்கிறவர் மாதேஸ்வரி என்று தட்டிக் கொடுத்துவிட்டார். மிக்சி வீட்டுக்கு வந்தது, அதன் ஜார் உடைந்தது, அதுவும் பரணுக்குப் போனது, லேப்டாப்புக்குள் என் பெயர் மட்டும் யாரும் மாற்றாமல் அப்படியே இருந்தது.

மறுநாள் காலையில் என் மாமனார் முனிரத்தினம் சொசைட்டிக்குக் கிளம்பிச் செருப்புக்குள் காலை நுழைத்தார், கால் வந்தது, செருப்பு வரவில்லை.

"எவன்டா இது, கோந்து ஊத்தி வெச்சிருக்கான்" என்றார். மாமியார் காபி டம்ளரைத் தூக்கப் பார்த்தார், அது சமையல் மேடையை விட்டு எழுந்திருக்கவில்லை. நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசல் பெருக்க வந்தவள், குறுக்கே கிடந்த செருப்பை எடுத்து ஓரமாக வைத்தேன். மாமா என்னைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார்.

"ஏ, அதை இப்படிப் போடு."

"எடுத்துக்கோங்க மாமா" என்றேன். செருப்பு பழையபடி காலோடு நடந்தது.

அதற்குள் தெரு முழுக்கச் சத்தம். ஹயாத் பாயின் அடுப்பு பற்றவில்லை. சொசைட்டி செகரட்டரி திம்மராயன் அண்ணன் பால் கேன் மூடியைத் திறக்க முடியாமல் அதன்மேல் உட்கார்ந்து திருகிக்கொண்டிருந்தார். எல்லம்மாக்கா வீட்டு மாடு கறக்கவிடாமல் கழுத்தைத் திருப்பி எங்கள் வீட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றது. சொசைட்டிக்கு அந்தப் பக்கமும் டீக்கடைக்கு அந்தப் பக்கமும் எல்லாம் எப்போதும் போல ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டு வைஃபை எதுவரை எட்டுமோ அதுவரைதான் இது என்று என் வீட்டுக்காரர் கண்டுபிடித்தார். எங்கள் வைஃபைக்குப் பாஸ்வேர்டு மாமாவுடைய டிராக்டர் நம்பர், டிராக்டர் தெருவில்தான் நிற்கும், அதனால் தெருவில் ஒரு வீடு பாக்கியில்லாமல் எங்கள் வைஃபையில்தான் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தது.

இவர் கறுப்பு ஜன்னலைத் திறந்து ஒவ்வொன்றாகப் படித்தார். "எல்லாம் மாதேஸ்வரி பேர்ல இருக்குப்பா. செருப்பு, கேனு, மாடு, டீக்கடை அடுப்பு, எல்லாம்."

"மாதேஸ்வரியா? அது யாரு?" என்று மாமா கேட்டார்.

அவர்மேல் தப்பில்லை. நான் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் என்னை, ஏ என்பார், இல்லையென்றால், உள்ள யாரு என்பார், நான் போய் நிற்பேன். அத்தைக்கு நான் இவளே. தெருவுக்கு நான் கேசவன் பொண்டாட்டி. பெயருக்கு வேலையே வரவில்லை.

எங்கள் தெருக்காரர்கள் இதற்காக ரொம்ப நேரம் ஆச்சரியப்பட்டுக்கொண்டிருக்கவில்லை, பால் கெட்டுவிடும் என்பதால் உடனே சரிசெய்வதற்கு இறங்கினார்கள். அணைத்துப் போட்டால் சரியாகிவிடும் என்று மின்வாரியத்து ஆளைக் கூட்டிவந்து டிரான்ஸ்பார்மரை அணைத்துப் போட்டார்கள், அணைப்பதற்கும் என்னிடம் சரி வாங்கினார்கள், போடுவதற்கும் வாங்கினார்கள், ஒன்றும் மாறவில்லை. வைஃபைப் பெட்டிக்கு எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினார்கள், ஹயாத் பாய் தர்காவிலிருந்து ஒரு தாயத்து கொண்டுவந்து எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்தில் கட்டினார், ரெண்டும் ஒன்றுக்கொன்று சண்டையில்லாமல் தொங்கின. மேனேஜருக்குப் போன் போட்டால், "எங்க தெருவுல நல்லாத்தான் ஓடுது, கேசவ்" என்றார். எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து போட்டால் தீரும் என்று இன்டர்நெட்டில் யாரோ சொன்னதாக என் வீட்டுக்காரர் சொன்னதும் ஆண்களெல்லாம் கொஞ்ச நேரம் யோசித்தார்கள்.

"தெருவை அழிச்சிட்டு மறுபடி போடறதுன்னா போடு. போடறப்ப என் மாடிப்படி ரோட்டுல வர்ற மாதிரி இருக்கே, அது என் எல்லைக்குள்ள வர்ற மாதிரி போட்டுடு" என்றார் திம்மராயன் அண்ணன்.

"அப்போ என் கடைக்கு முன்னால ஒரு புளியமரம் போட்டுடு தம்பி" என்றார் ஹயாத் பாய்.

அவனவன் ஒரு அடி, ரெண்டு அடி கேட்க ஆரம்பித்ததும் தெரு பத்தாது என்று தெரிந்து அந்த யோசனையை விட்டுவிட்டார்கள்.

பிறகுதான் சாமியானா வந்தது. எங்கள் வாசலில் பந்தல் போட்டு, அதற்குக் கீழே கல்யாண மண்டபத்து நாற்காலி ஒன்றில் என்னை உட்காரவைத்தார்கள், மாமா என் பக்கத்தில் நின்றார். ஆள் ஆளாக வந்தார்கள். அடுப்பு பற்ற, கேன் திறக்க, சைக்கிள் எடுக்க, ஆடு அவிழ்க்க, ஒவ்வொன்றையும் கீழே வைத்தால் மறுபடி வர வேண்டும். என்னைப் போ வா என்று பேசினவர்களெல்லாம் மாதேஸ்வரியம்மா என்றார்கள், சாத்துக்குடி கொண்டுவந்தார்கள், என் குழந்தை யார் ஜாடை என்று கேட்காமல் அழகு அழகு என்றார்கள். எனக்கு ஊருக்கு நடுவில் வாய் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். தலையாட்டினாலே போதும் என்று அப்போது எல்லோருக்கும் தெரிந்துபோனது. அதற்குப் பிறகு யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. மாமாவிடம் சொல்வார்கள், மாமா சரியென்பார், நான் ஆட்டுவேன், அவர்கள் மாமாவுக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் போவார்கள். தெருவே எனக்குச் சொந்தமாக இருந்தது, என் கழுத்துதான் மாமாவுக்குச் சொந்தமாகிவிட்டது.

இப்படி ஒவ்வொருத்தருக்காக ஆட்டிக்கொண்டிருந்தால் எனக்குக் கழுத்து போய்விடும் என்று என் வீட்டுக்காரர் ஒரு வழி சொன்னார். கறுப்பு ஜன்னல் வழக்கப்படி ஒரு குழு வைத்து அதற்கு மொத்தமாக அனுமதி கொடுத்துவிடலாம், அனுமதியில் பார்க்கலாம் என்று ஒன்று, மாற்றலாம் என்று ஒன்று, ஓட்டலாம், அதாவது இயக்கலாம், என்று ஒன்று உண்டு, யாருக்கு எது என்று சொன்னால் போதும். அன்றைக்கே கமிட்டி உட்கார்ந்தது. மாமாவும் திம்மராயன் அண்ணனும் தங்களுக்கு எல்லாம் வைத்துக்கொண்டார்கள். பிடிக்காதவர்களுக்குப் பார்க்கலாம் மட்டும் கொடுத்தார்கள். ஹயாத் பாய்க்கு ஓட்டலாம் கொடுத்து மாற்றலாம் கொடுக்கவில்லை, அதனால் அன்றைய முதல் டீயில் அவர் போட்ட அதே அளவு சர்க்கரைதான் எல்லா டீயிலும் விழுந்தது.

"பொம்பளைங்களுக்கு?" என்று யாரோ கேட்டார்கள்.

"அவங்களுக்கு எதுக்கு இதெல்லாம், பார்க்கலாம் போதும்" என்றார் மாமா. நான் தலையாட்டினேன்.

அன்றைக்கு மத்தியானம் தெருவில் எந்த வீட்டிலும் புகை வரவில்லை. பெண்களெல்லாம் அவரவர் அடுப்புக்கு முன்னால் நின்று அரிசியைப் பார்த்தார்கள், பருப்பைப் பார்த்தார்கள், கத்தரிக்காயைப் பார்த்தார்கள். மாற்றலாமும் ஓட்டலாமும் கையில் வைத்துக்கொண்டு ஆண்கள் சமையலறைக்குள் போனார்கள், உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று தெரியாமல் வெளியே வந்தார்கள். திம்மராயன் அண்ணன் எல்லா டப்பாவையும் திறந்து பார்த்துவிட்டு, துணி துவைக்கிற சோடாவை ரசத்தில் போட்டார். அவருடைய தங்கச்சிதான் எல்லம்மாக்கா.

"ஏ எல்லம்மா, வந்து ஒரு கை பாக்கக்கூடாதா?"

"பாத்துட்டுதானே இருக்கேன்ணா. பாக்கத்தானே சொன்னீங்க" என்றாள் எல்லம்மாக்கா, கையைக் கட்டிக்கொண்டு.

சாயந்திரத்துக்குள் பசி தாங்காமல் கமிட்டி கலைந்தது. கலைப்பதற்கும் என்னைத்தான் தலையாட்டச் சொன்னார்கள்.

மறுநாள் மத்தியானம் நான் உள்ளே குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டேன். எழுந்து பார்த்தால் தெரு அப்படியே நிற்கிறது. சைக்கிளை ஓட்டிக்கொண்டு வந்தவர் ஒரு காலைத் தரையில் ஊன்றி நிற்கிறார், ஹயாத் பாய் ஆற்றின டீயைக் கிளாசில் இறக்க முடியாமல் கையை உயர்த்தியபடி நிற்கிறார், எல்லோரும் பொறுமையாக எங்கள் கதவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. வானமும் இடிந்து விழவில்லை. நான் தலையாட்டாமல் இருந்தால் ஒன்றும் ஆகாது என்று எனக்கு இத்தனை நாளாகத் தெரியாது.

அதே நாள்தான் அத்தையின் இரும்பு பீரோவைத் திறந்தேன். அதன் சாவி அத்தையின் இடுப்பில்தான் எப்போதும் தொங்கும், ஆனால் இப்போது சாவி இல்லாமலே என் கை பட்டதும் திறந்துகொண்டது. பட்டுப்புடவைகளுக்கு அடியில் ஒரு சின்னச் சட்டை, கைக்குழந்தைக்குத் தைத்தது, ஓரத்தில் ஒரு முயல். அத்தை பின்னால் வந்து நின்றார். கத்துவார் என்று நினைத்தேன்.

"கேசவன் பொறந்தப்போ நானே தைச்சது" என்றார். "அன்னைக்கு நான் அவனுக்கு ஒரு பேரு நெனச்சேன். யாரு கேட்டா? உங்க மாமனாரோட அப்பா ஒரு பேரு சொன்னாரு, வெச்சாச்சு. இன்னைக்கும் அவன் படுத்துட்டா போர்வை போத்தறப்ப என் பேரைத்தான் சொல்லிப் போத்துறேன். அவனுக்குத் தெரியாது."

"என்ன பேரு அத்தை?"

சொன்னார். அதை நான் இங்கே எழுதப் போவதில்லை, அது அவருடையது.

என் மகளுக்குப் பெயர் வைப்பது இன்றைக்குத்தான். எங்கள் பக்கம் பெயர் வைக்கிறவர் குழந்தையின் காதில் மூன்று முறை பெயரைச் சொல்லி, பிறகு தெருவுக்கு அதைச் சத்தமாகச் சொல்லிச் சர்க்கரை கொடுப்பார், அதற்குப் பிறகு அந்தப் பெயரை மாற்ற முடியாது. மாமா ஓசூரில் ஒரு எண்கணிதக்காரரைப் பார்த்து, கூட்டினால் ஐந்து வருகிற மாதிரி ஒரு பெயரை வாங்கிவந்திருந்தார். ஜ்விதிக்ஷாஸ்ரீ. சொல்லிப் பாருங்கள். அத்தை சொல்லிப் பார்த்துவிட்டு வெற்றிலையைத் துப்பினார். மாமாவே அதை ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருக்கிறார்.

நான் வைக்க நினைத்தது நீலா. பிறந்த வாரத்திலிருந்து இவள் என்ன அழுகை அழுதாலும் அடுப்புக்கு எதிரே தூக்கிக்கொண்டு போய் நின்றால் அந்த நீலத் தீயைப் பார்த்து வாயை மூடிக்கொள்வாள், அதனால் சமையலறைக்குள் நாங்கள் ரெண்டு பேர் மட்டும் இருக்கும்போது நான் அவளை அப்படித்தான் கூப்பிடுகிறேன், அவளும் திரும்பிப் பார்க்கிறாள். கூட்டினால் என்ன வருகிறது என்று எனக்குத் தெரியாது. யாரிடமும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. தெருவில் ஆடு மாடு சைக்கிள் செருப்பு எல்லாம் எனக்குச் சொந்தமாகிவிட்டது, நான் பெற்றதற்குப் பெயர் வைப்பது மட்டும் எனக்குச் சொந்தமாகவில்லை.

இன்றைக்குக் காலையில், நான் கொட்டையை நீரில் அலசிக்கொண்டிருக்கும்போது, என் வீட்டுக்காரர் கத்திக்கொண்டே ஓடிவந்தார். வழி கிடைத்துவிட்டது. எது எது முன்பு யாருக்கு இருந்ததோ அதை அவரவருக்கே திருப்பி எழுதுகிற ஒரு வரியை எங்கேயோ பிடித்துவிட்டார், இந்த முறை எந்த இடத்தில் நிற்கிறோம் என்று ஒன்றுக்கு நாலு முறை பார்த்துவிட்டார், அதை ஓட்டினால் தெருவும் சரியாகும், அனுமதியும் கிடைக்கும், கருவியும் ஓடும், மேனேஜர் சொன்ன கெடு இன்றைக்கு மத்தியானத்தோடு முடிகிறது, அதற்குள் முதல் மூட்டையை இறக்கி வேலையையும் காப்பாற்றிக்கொள்ளலாம். வரியைத் தட்டினார். கறுப்பு ஜன்னல் ஒரே ஒரு கேள்வி கேட்டது. மாதேஸ்வரி, நிச்சயமாகவா?

இவர் ஆமாம் என்பதற்கு உள்ள எழுத்தை அழுத்தினார், அது உள்ளே போகவில்லை. என்னைத் தலையாட்டச் சொன்னார், ஆட்டினேன், எழுத்து உள்ளே போனது, ஆனால் ஜன்னல் மறுபடியும் கேட்டது. மாதேஸ்வரி, நிச்சயமாகவா? தலையாட்டல் அதனிடம் செல்லுபடியாகவில்லை. நான்தான் வர வேண்டும், என் விரலால்தான் அழுத்த வேண்டும். போய் அதற்கு முன்னால் உட்கார்ந்தேன். வெள்ளைக் கோடு கண் சிமிட்டிக்கொண்டே எனக்காகக் காத்திருந்தது. என் கல்யாணத்துக்கு யாரும் என்னிடம் நிச்சயமாகவா என்று கேட்கவில்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தினபோதும் கேட்கவில்லை. ஒரு மெஷின் கேட்டது.

"அழுத்து, அழுத்து" என்றார் இவர்.

"பருப்பு ஊறிப் போச்சு. பிதுக்கிட்டு வரேன்" என்று எழுந்து வந்துவிட்டேன்.

பின்னாலேயே வந்தார். "என்னா மாதேசு, மத்தியானத்துக்குள்ள முடிக்கலைன்னா வேலை போயிடும், புரியுதா?"

"புரியுதுங்க. குழந்தைக்குப் பேரு நீலா. அது முடிஞ்சா இது."

இவர் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். "அப்பா கிட்ட இதை நான் எப்படிச் சொல்றது?"

"அங்க நிச்சயமாவான்னு ஒண்ணு கேட்டுட்டு நிக்குதே, அதுகிட்ட நான் எப்படிச் சொல்றதுங்க?"

இவர் அத்தையைப் பார்த்தார். அத்தை கொட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "போய்ச் சொல்லுடா" என்றார். இவர் போனார். போய் ரொம்ப நேரம் ஆகிவிட்டது. தெருப் பக்கத்துச் சுவர் ஜன்னல் வழியாக எல்லாம் கேட்கிறது.

"எண்ணு பாத்து வாங்கின பேரு. ஐநூறு வருஷத்துக்கு ஆயுசு" என்கிறது மாமாவின் குரல்.

"அதுவரைக்கும் என் பாலு தாங்காதுங்க" என்கிறார் திம்மராயன் அண்ணன்.

"ஒரு பேருக்காகத் தெருவையே நிறுத்தி வெச்சிருக்கா. இவ்வளவு ஆகாது ஒரு பொம்பளைக்கு" என்கிறார் மாமா.

"உங்க வீட்டுச் செருப்புல ஆரம்பிச்சதுதாங்க" என்று எல்லம்மாக்கா சொல்ல, பெண்கள் சிரிக்கிற சத்தம் வருகிறது.

பிறகு ஹயாத் பாய். "அண்ணா, கோவிச்சுக்காதீங்க. அந்தப் பேரை நீங்க சீட்டைப் பாக்காம மூணு தடவை சொல்லுங்க. காதுல எப்படியும் மூணு தடவை சொல்லித்தானே ஆகணும். சொல்லிட்டீங்கன்னா நாங்க எல்லாரும் அதையே கூப்பிடறோம், இன்னைக்குத் தெருவுக்கே டீ என் கணக்கு."

பிறகு மாமா, "ஜ்விதி" என்கிறார். நிறுத்துகிறார். "ஜித்வி" என்கிறார். "ஜ்விக்ஷி" என்கிறார். ஒரு இருமல். யாரோ, அண்ணனுக்குத் தண்ணி குடுங்கப்பா என்கிறார்கள். தண்ணீர்ச் சொம்பை எடுக்க முடியாது என்று இன்னொருத்தர் ஞாபகப்படுத்துகிறார். தெரு மொத்தமும் சிரிக்கிறது, சிரிப்பில் என் வீட்டுக்காரரின் குரலும் இருக்கிறது, அவர் தன் அப்பாவுக்கு முன்னால் சிரித்து நான் கேட்டதில்லை.

அத்தை கடைசிக் கைப்பிடிக் கொட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நான் என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். போய் ஆமாம் என்று அழுத்தினால் செருப்பு மாமாவுக்கு, பீரோ அத்தைக்கு, மாடு எல்லம்மாக்காவுக்கு, எல்லாம் திரும்பிப் போகும், போகட்டும், எனக்கு அவர்கள் மாடும் வேண்டாம் அடுப்பும் வேண்டாம், ஆனால் அழுத்துகிறதற்கு முன்னால் அந்தக் கேள்வியைக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று இருக்கிறது, அதை இன்னொரு தடவை யார் என்னிடம் கேட்பார்கள் என்று தெரியாது, ஒருவேளை இனிமேல் நான் தலையை ஆட்டாமல் நின்றால் மனுஷர்களும் என்னைக் கேட்டுவிட்டு…

"ஏம்மா! நீலா அம்மா! வெளிய வாம்மா, குழந்தையைத் தூக்கிட்டு வா, சர்க்கரை கரையுது!"

மாமாதான். அத்தை தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன், இதோ வரேன் மாமா என்று இவளைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தால் மடியிலிருந்த தோலெல்லாம் தரையில் கொட்டுகிறது, கையைக்கூடக் கழுவாமல் நான் வாசலுக்குப் போகிறேன், அந்தக் கேள்வி இன்னும் கொஞ்ச நேரம் எனக்காக நிற்கட்டும்.